அதே ஆலை, அதே ஆட்கள்: ஃப்ரீமாண்ட் நிகழ்வு ஆய்வு

நிர்வாகவியல் படித்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடமாக இருக்கும்: டெய்லர், ஃபோர்டு, ஹாதார்ன் ஆய்வு, மெக்ரிகர், கடைசியாக ஜப்பானியர். தொழிலாளியை இயந்திரமாகப் பார்த்த காலம் போய் மனிதராகப் பார்க்கும் காலம் வந்தது என்று படிப்படியாக ஏறும் கதை. தேர்வு எழுத வசதியானதுதான். ஆனால் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த ஒரு கார் ஆலையின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் படிக்கட்டு ஆட்டம் காண்கிறது. புத்தம் புதியது என்று உலகமே கொண்டாடிய நிர்வாக முறை, அங்கே மிகப் பழையது என்று ஒதுக்கப்பட்ட கருவியைத்தான் எடுத்துப் பயன்படுத்தியது. அது யார் கையில் இருந்தது, அந்தக் கைக்கு என்ன உத்தரவாதம் தரப்பட்டிருந்தது என்பவைதாம் மாறியிருந்தன.

மூடியபோது இருந்த நிலை

ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் திறந்த ஆலை இது. 1970களின் இறுதியில் இங்கே ஏறத்தாழ 7,000 பேர் வேலை பார்த்தார்கள். 1982-ல் கதவைச் சாத்தும்போது, அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. சாதாரண நாளிலேயே ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். கார் பூட்டும் லைன் ஓட வேண்டுமே என்று தேவைக்கு மேல் ஆள் எடுத்து வைத்திருந்தார்கள். தீர்க்கப்படாத குறை மனுக்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தம் நடக்கும். ஷிஃப்ட் நேரத்தில் குடியும் போதைப்பொருளும் புழங்கின. வாங்குபவரை எரிச்சலூட்டவே, கதவுத் தகட்டுக்குள் காலிப் புட்டியைப் போட்டு மூடி அனுப்பியதைப் பழைய தொழிலாளர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க மோட்டார் தொழிலிலேயே மோசமான தொழிலாளர்கள் என்று இவர்கள் கருதப்பட்டதாகச் சொன்னவர் நிர்வாகத் தரப்பு ஆள் அல்லர். மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் மேற்குப் பிராந்தியத் தலைவராக இருந்த புரூஸ் லீ.

மறுபக்கமும் அதற்குச் சளைத்ததில்லை. லைனை நிறுத்துவது அங்கே மன்னிக்க முடியாத குற்றம். திருகாணி கோணலாக இறங்கினாலும், உதிரிபாகம் மாறிப் பொருத்தப்பட்டாலும் கார் நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பிரித்துத் திருத்துவார்கள். மேலாளருக்கான மதிப்பெண் எத்தனை கார் வெளியேறியது என்பதில்தான் இருந்தது. தொழிலாளரின் வேலைகள் 80க்கு மேற்பட்ட பிரிவுகளாகத் துண்டாடப்பட்டிருந்தன. ஒரு பிரிவுக்காரர் அடுத்த பிரிவின் வேலையைத் தொட்டால் புகார் எழும். இந்தப் பிரிவுகளைச் சங்கம் விடாப்பிடியாகக் காத்தது என்று குறை சொல்வது எளிது. வேலையை வடிவமைக்கும் உரிமை முழுக்க நிர்வாகத்திடம் இருக்கும்போது, தொழிலாளியின் கையில் மிஞ்சுவது "இது என் வேலை இல்லை" என்று சொல்லும் உரிமை மட்டுமே. அதையும் விட்டுவிட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது?

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது

பிரெடரிக் டெய்லர் 1899-ல் பெத்லகேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமக்கும் வேலையை ஆராய்ந்தார். ஒருவர் நாளுக்கு 12½ டன் ஏற்றிவந்த இடத்தில் 47½ டன் ஏற்ற வைத்ததாகவும், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு உயர்ந்ததாகவும் அவர் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி 60 சதவீதம் கூடுதல். இதை அவர் சொன்னபடியே நம்பத் தேவையில்லை. பிற்காலத்தில் ஆலையின் பதிவேடுகளைத் துருவியவர்கள், கதையில் கணிசமான ஒப்பனை இருப்பதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கதை பரப்பிய கொள்கை நிலைத்துவிட்டது: சிந்திப்பது திட்ட அறையின் வேலை, செய்வது தளத்தில் நிற்பவரின் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு பொறியாளர்.

டெய்லரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. தொழிலாளர்கள் ஏன் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். மிட்வேல் எஃகு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து நேரில் பார்த்தவர் அவர். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி வாங்கி, வேலை செய்பவர் வேகத்தைக் கூட்டினால் வருமானம் கூடும். உடனே முதலாளி ரேட்டைக் குறைப்பார். பழைய வருமானத்துக்கே இப்போது இரட்டிப்பு உழைப்பு. அப்புறம் யார் வேகம் காட்டுவார்கள்? அறிவியல் முறையில் ஒருமுறை ரேட்டை நிர்ணயித்துவிட்டால் அதைக் குறைக்க மாட்டார்கள் என்பது டெய்லர் தந்த பதில். குறைத்தால் தட்டிக்கேட்க ஒரு வழியையும் அவர் வைக்கவில்லை. 1911-ல் வாட்டர்டவுன் அரசு ஆயுதச்சாலையில் ஸ்டாப்வாட்ச் தூக்கப்பட்டதும் வார்ப்படத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 1915-ல் அரசு ஆயுதச்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்குத் தடை வந்து, 1940களின் இறுதிவரை நீடித்தது.

ஃபோர்டின் கதை எல்லோரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்தது. ஓராண்டுக்குள் ஒரு சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் நேரம் 12½ மணியிலிருந்து 93 நிமிடமாகச் சுருங்கியது. அதே 1913-ல் ஆட்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் அறிவித்த 5 டாலர் நாள்கூலி பெருந்தன்மையால் வந்ததில்லை. அது லைனில் ஆளை நிற்க வைக்கக் கொடுத்த விலை. அதை முழுதாகப் பெற வேண்டுமானால் வீட்டுக்கு வந்து ஒழுக்கத்தைச் சோதிக்கும் அதிகாரிகளிடமும் தேற வேண்டியிருந்தது.

ஹாதார்ன் ஆய்வில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலையில் 1924 முதல் 1932 வரை அது நடந்தது. ரிலே என்ற சிறு மின்கருவியைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளையையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. கவனிக்கப்படுவதும் குழுவாக இருப்பதும்தான் காரணம் என்ற முடிவு பாடநூல்களில் ஏறிவிட்டது. அந்த ஐவரில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்தில் மாற்றப்பட்டதை மட்டும் பலர் சொல்வதில்லை. அதே ஆலையில் பின்னர் 14 ஆண்களைக் கவனித்தபோது நேர்மாறான காட்சி: ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் எல்லை வகுத்து, மீறுபவரைக் கேலிசெய்து, மேல்கையில் குத்தி அடக்கிவைத்தார்கள். இந்த ஆய்வுக்கு விளக்கம் எழுதிய எல்டன் மேயோவும் அவருடைய சகாக்களும் இதில் குழு உணர்வையும் தர்க்கத்துக்கு அடங்காத மனநிலையையும் கண்டார்கள். எனக்கோ மிட்வேலில் டெய்லர் கண்ட அதே அச்சம்தான் தெரிகிறது. அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள். அவர்களைக் கவனித்த காலம் 1931–32, பெருமந்தத்தின் நடுப்பகுதி. அந்த ஆண்டில் அப்படி அஞ்சுவதில் தர்க்கமின்மை எங்கே இருக்கிறது?

மனித உறவுக் கோட்பாடு ஆலைக்குள் நுழைந்தது. ஆனால் பணியாளர் அலுவலகத்தோடு நின்றுவிட்டது. ஆலோசகர்கள் வந்தார்கள், ஃபோர்மேன்களுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைத்தது. லைனின் வேகத்தையும் வேலையின் வடிவத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் இம்மியும் நகரவில்லை. 1960-ல் டக்ளஸ் மெக்ரிகர், தொழிலாளியைச் சோம்பேறி என்று கருதும் நிர்வாகத்தையும் பொறுப்பேற்கக்கூடியவர் என்று கருதும் நிர்வாகத்தையும் எக்ஸ், ஒய் என்று பிரித்துக் காட்டினார். மேலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் பயிற்சி வகுப்புகளுக்குப் போனார்கள். 1972 மார்ச்சில் ஓஹையோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில், மணிக்கு 100 கார் ஓடிய லைனில் நின்ற இளம் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைதான்.

வேலையின் வடிவத்தையே தொட்ட முயற்சிகளும் இருந்தன. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் குழு வேலையைப் பற்றி எரிக் ட்ரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் செய்த ஆய்வு 1951-ல் வெளிவந்தது. 1953-ல் அகமதாபாத்தின் காலிகோ மில்லில் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் தந்த யோசனையை எடுத்துக்கொண்டு, நெசவாளர்கள் தாங்களே குழுக்களாகப் பிரிந்து தறிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். குழுவாக வேலை செய்வதை ஜப்பானியக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆனால் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றுவிட்டன.

ஜப்பானுக்குப் போய்த் திரும்பியது

டெய்லரின் எழுத்து 1910களிலேயே ஜப்பானிய மொழிக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா தன் ஆலைகளில் ஃபோர்மேன்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது: வேலையைப் படிநிலைகளாகப் பிரித்துக் கற்பிப்பது எப்படி, முறையை மேம்படுத்துவது எப்படி, ஆட்களோடு உறவைப் பேணுவது எப்படி என்று. போர் முடிந்ததும் அமெரிக்காவில் அது கைவிடப்பட்டது. போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் வழியாக அங்கே போனது. டொயோட்டா 1950களின் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டது.

அதற்குச் சற்று முன்தான் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்திருந்தது. 1950-ல் ஆட்குறைப்பை எதிர்த்து நீண்ட போராட்டம் நடந்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார், பெருந்தொகையானோர் வேலையை விட்டுப் போனார்கள். எஞ்சியவர்களுக்கு வேலை நிரந்தரம், பதிலுக்கு எந்த வேலையையும் செய்ய அவர்கள் தயார் என்ற உடன்பாடு அதிலிருந்து மெல்ல உருவானது. டொயோட்டா முறையை ஜப்பானியப் பண்பாட்டின் விளைவு என்று விளக்குபவர்கள் இந்தப் போராட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பண்பாடு மட்டும் போதுமானால் 1950-ல் அந்தச் சண்டையே வந்திருக்காது.

1984: திரும்பத் திறந்த கதவு

1981-ல் ஜப்பானிய கார் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், அமெரிக்க மண்ணில் கார் செய்ய வேண்டிய அவசியம் டொயோட்டாவுக்கு ஏற்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு நல்ல சிறிய கார் தேவைப்பட்டது. டொயோட்டாவின் உற்பத்தி முறையைப் பக்கத்தில் இருந்து பார்க்கவும் ஆசை. 1983 பிப்ரவரியில் ஒப்பந்தமானது. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங், சுருக்கமாக நும்மி, என்ற கூட்டு நிறுவனம் பிறந்தது. தளத்தை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். 1984 டிசம்பரில் முதல் கார், செவர்லே நோவா, வெளியேறியது.

வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பழைய ஃப்ரீமாண்ட் ஆட்கள். சங்கத்தின் பழைய தலைவர்களும் அதில் அடக்கம். இந்த ஒரு தகவல்தான் ஃப்ரீமாண்டை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் தேடி வர வைத்தது. ஆலை அதே, சங்கம் அதே, பெரும்பாலும் ஆட்களும் அதே; மாறியது நிர்வாகம். சமூக அறிவியலில் இப்படி ஒரு ஒப்பீடு தானாக வாய்ப்பது அரிது.

குழுத் தலைவர்கள் ஏறத்தாழ 450 பேர் ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு மூன்று வாரப் பயிற்சிக்குப் போனார்கள். உற்பத்தித் தொழிலாளர்கள் அனைவரும் ஒரே பிரிவாக்கப்பட்டு, சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். மேலாளர்களுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறையும் கார் நிறுத்துமிடமும் போயின. லைனுக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. குறை தென்பட்டால் யாரும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். அந்தக் கார் தன் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். நும்மி என்றதும் எல்லோரும் சொல்வது இந்தக் கயிற்றைத்தான். அதைவிட முக்கியமான ஒன்றை அமைப்பியல் ஆய்வாளர் பால் ஆட்லர் கவனித்தார். நேரம் அளக்கும் பொறியாளர்கள் தளத்தில் இல்லை. ஸ்டாப்வாட்ச் குழுவின் கையில் இருந்தது. அவர்களே ஒருவரையொருவர் அளந்து, எந்த அசைவு வீண் என்று பேசி, வேலையின் படிகளை எழுதி ஒட்டினார்கள். வேறு முறை மேலானது என்று பட்டால் திருத்தி எழுதினார்கள். அசைவுக்கு அசைவு வரையறுக்கப்பட்ட, டெய்லரே மகிழ்ந்திருக்கக்கூடிய தரப்படுத்தல் அது. ஆனால் எழுதியது திட்ட அறை இல்லை.

வேகமான வழியைக் கண்டுபிடித்துச் சொன்னால் நம்மில் ஒருவரின் வேலை போய்விடாதா? மிட்வேலிலும் ஹாதார்னிலும் பதில் கிடைக்காத இந்தக் கேள்விக்கு நும்மியின் பதில் 1985 ஒப்பந்தத்தில் எழுத்தாகவே இருந்தது: நிறுவனத்தின் நீண்டகால இருப்பையே அச்சுறுத்தும் நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை, அப்படி வந்தாலும் முதலில் வெட்டு விழுவது மேலதிகாரிகளின் சம்பளத்தில். 1988-ல் சோதனை வந்தது. நோவா விற்பனை சரிந்து, ஆலையின் திறனில் 60 சதவீதம் அளவுக்குத்தான் வேலை இருந்தது. ஒருவரையும் அனுப்பவில்லை. உபரியானவர்களைப் பயிற்சிக்கும் ஆலையைச் சீரமைக்கும் வேலைகளுக்கும் மாற்றினார்கள். தொழிலாளர் நம்பிக்கையைக் கயிறு சம்பாதித்ததா, 1988 சம்பாதித்ததா என்று கேட்டால் நான் 1988 என்பேன்.

விளைவும் அதன் விலையும்

வேலைக்கு வராதவர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்குழு 1987-ல் ஒப்பிட்டபோது, ஒரு காரைப் பூட்ட ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம், தகாவோகாவுக்கு 16, நும்மிக்கு 19. குறைகளின் எண்ணிக்கையில் நும்மி தகாவோகாவுக்குச் சமமாக நின்றது. ஃப்ரேமிங்ஹாமில் அதுபோல ஏறத்தாழ மும்மடங்கு. இவ்வளவுக்கும் நும்மியின் இயந்திரங்களில் பெரிய புதுமை இல்லை. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்காக ஆயிரக்கணக்கான கோடி டாலர்களைக் கொட்டிக்கொண்டிருந்தது.

இதை ஒரு மீட்சிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. தொழிற்சங்கப் பார்வையில் எழுதிய மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-லேயே இதை அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்றார்கள். பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 விநாடி கை ஓடினால், நும்மியில் 57 விநாடி என்பது அவர்கள் வைத்த கணக்கு. பழைய ஆலையில் முன்கூட்டியே முடித்துவிட்டு ஒரு வாய் காப்பி குடிக்க இடமிருந்தது. இங்கே ஒவ்வொரு சேமித்த விநாடியும் அடுத்த வேலையால் நிரப்பப்பட்டது. குழுவில் ஒருவர் வராவிட்டால் சுமை சக ஊழியர்கள் தலையில் விழும்; எனவே மேற்பார்வை செய்வது அதிகாரி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும்தான். சங்கத்துக்குள் எதிர்ப்பு அணி உருவானது. புதிய மாடல் தயாரிக்கத் தொடங்கியபோது உடல்வலியும் காயங்களும் கூடி, 1993-ல் மாநிலப் பணிப்பாதுகாப்புத் துறை ஆலைமீது நடவடிக்கை எடுத்தது. தொழிலாளரே எழுதினாலும், கார் எத்தனை விநாடிக்கு ஒன்று வெளியேற வேண்டும் என்பதை அவர்கள் எழுதவில்லை. அது விற்பனைக் கணக்கிலிருந்து வந்தது. இந்த எல்லையை மறைத்துவிட்டுத் தொழிலாளர் பங்கேற்பைப் பேசுவது நேர்மையாகாது.

ஆனாலும், பழைய ஃப்ரீமாண்டுக்குத் திரும்ப விரும்புகிறீர்களா என்று கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில் "இல்லை" என்பதே. இரண்டு ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சொன்ன பதில் அது. எந்தக் கோட்பாட்டாளரின் சொல்லையும்விட அதற்கு எடை அதிகம்.

அடுத்த ஆலைக்கு ஏன் போகவில்லை

கற்றுக்கொள்வதற்காகவே கூட்டுச் சேர்ந்த நிறுவனம், கற்றதைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாமல் தவித்தது. கலிஃபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் குழு முறையைப் புகுத்தினார்கள். ஏற்காவிட்டால் ஆலை மூடப்படும் என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கும்போது புகுத்தினார்கள். கயிறும் வந்தது. இழுத்தால் உதவிக்கு ஓடி வர ஆளில்லை. மேலாளர்களின் மதிப்பெண் இன்னும் எண்ணிக்கையில்தான் இருந்தது. ஃபோர்மேன்கள் தங்கள் அதிகாரம் போகிறது என்று பார்த்தார்கள், மூத்த தொழிலாளர்கள் பணிமூப்பு போகிறது என்று பார்த்தார்கள். 1992-ல் ஆலை மூடப்பட்டது. நும்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படம் எடுத்துவந்து அப்படியே செய்யச் சொன்ன ஒரு மேலதிகாரியைப் பற்றிய கதை அந்தத் துறையில் இன்றும் உலவுகிறது. கதையோ நிஜமோ, கருவிகளை மட்டும் வாங்கியவர்களின் மனப்போக்கு அதில் இருக்கிறது.

டொயோட்டாவின் ஜப்பானியத் தலைமையகத்தில் வேலைபார்த்து நும்மித் தொடக்கத்தில் பங்கெடுத்த ஜான் ஷூக், மனப்பான்மையை மாற்றிப் பிறகு நடத்தையை மாற்றலாம் என்பது தலைகீழ் என்று 2010-ல் எழுதினார். செய்யும் விதத்தை முதலில் மாற்றுங்கள், மனம் பின்னால் வரும் என்பது அவர் வாதம். பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ரீமாண்டில் செய்யும் விதம் மாறியதோடு ஒரு ஒப்பந்தமும் கையெழுத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது, கூட்டிலிருந்தும் விலகியது. தனியாக நடத்த டொயோட்டாவுக்கு மனமில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கரோலா வெளியேறியது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தார்கள். 1988-ல் காத்த வாக்குக்குப் பின்னால் நிற்க இப்போது எந்தப் பங்குதாரரும் இல்லை. தொழிலாளர்கள் கையில் இருந்தது நும்மி என்ற நிறுவனத்தின் கையெழுத்து. நும்மி என்பதோ இரண்டு பெரிய நிறுவனங்கள் விரும்பும்வரை மட்டுமே இருந்தது. அந்த ஆண்டே டெஸ்லா 42 மில்லியன் டாலருக்கு ஆலையை வாங்கியது. இப்போது அங்கே சங்கம் இல்லை.

கலிஃபோர்னியாவில் ஸ்டாப்வாட்ச் விவாதம் அதோடு முடியவில்லை. கிடங்குகளுக்கு இடம் மாறியது. ஸ்கேனரில் ஓடும் மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் விநாடி எண்ணுகிறது, அளவு தவறியவரைக் குறித்துவைக்கிறது. அளவு எவ்வளவு என்பதே பலருக்குச் சொல்லப்படவில்லை. 2021-ல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய கிடங்குகள் தொழிலாளருக்கு விதிக்கும் வேலை அளவை எழுத்தில் தர வேண்டும். ஓய்வு நேரத்தையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுக்கும் அளவு செல்லாது. அந்த அளவை நிர்ணயிப்பதில் தொழிலாளருக்கு என்ன பங்கு என்பது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.